நெல்லும் நெல் சார்ந்த இடமும்

வெள்ளி, திருவாரூர் போகும் வழியில்

எங்கள் அண்ணனுக்கு வந்தவாசிப் பக்கம் ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம். பட்டாவில் பெயர் அண்ணனுடையது, பயிர் அண்ணியுடையது. நாற்று விடுவது, நடவுக்கு ஆள் பிடிப்பது, மருந்து அடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது எல்லாமே அவர்தான். நான் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவள், சேற்றில் இறங்கிப் பழக்கமில்லை. ஆனால் விதைத் திருவிழா, இயற்கை வேளாண்மைப் பயிற்சி என்று எந்தத் துண்டறிக்கை கண்ணில் பட்டாலும் அண்ணிக்கு அனுப்பிவிடுவேன். போன மாதம் அவரே சொல்லிவிட்டார்: "நீ அனுப்பினதுலயே என் ஃபோன் ரொம்பிப் போச்சு. ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போ, நேர்லயே பார்த்துடலாம்."

சரி, கிளம்பிவிட்டோம். பாண்டிச்சேரி, சிதம்பரம், மயிலாடுதுறை என்று பேருந்து மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறோம். முதலில் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா. அப்புறம் மன்னார்குடிப் பக்கம் ஒரு வயல்வெளிப் பள்ளி. கடைசியாகக் கரூர் மாவட்டம் கடவூரில் இருக்கும், இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார் ஐயா தொடங்கிய வானகம். அங்கங்கே உட்கார நேரம் கிடைக்கும்போது எழுதிப் போடுகிறேன்.

அண்ணி நாள்காட்டித் தாளின் பின்பக்கம் நாலு கேள்வி எழுதி எடுத்து வந்திருக்கிறார். நாட்டு நெல்லை நவரையில், அதாவது மார்கழி, தைப் பட்டத்தில், போடலாமா? 2 கிலோ விதை எந்த மூலைக்குக் காணும்? ஏக்கருக்கு உள்ளபடி எத்தனை மூட்டை? விளைந்ததை யார் வாங்குவார்கள்? நான் ஒரு பை நிறைய நோட்டும் பேனாவும் எடுத்து வந்திருக்கிறேன். அந்த ஒரு தாளுக்கு முன்னால் அதெல்லாம் வீண் சுமை என்று இப்போதே தெரிகிறது.

2 கிலோ கதை என்னவென்று வண்டியிலேயே அண்ணிக்குச் சொன்னேன். திருத்துறைப்பூண்டி அருகே கட்டிமேட்டைச் சேர்ந்த ஜெயராமன், நம்மாழ்வார் ஐயாவோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனபோது, உழவர்கள் வீட்டில் ஒதுங்கிக் கிடந்த பழைய நெல் ரகங்களைக் கேட்டு வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தார். 2006-இல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவைத் தொடங்கினார். ஒருவருக்கு 2 கிலோ விதை, விலை கிடையாது. அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இப்படியே 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் மறுபடி வயலுக்கு வந்தன. 'நெல்' என்பதே அவர் பெயருக்கு முன்னொட்டாகிவிட்டது. 2018 டிசம்பரில் அவர் இறந்துபோனார். திருவிழா நிற்கவில்லை.

"நாலு கிலோ கொண்டாரலைன்னா?" என்றார் அண்ணி. அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.

சனி, திருத்துறைப்பூண்டி

காலை எட்டு மணிக்கே மண்டபத்து வாசலில் செருப்பு விட இடமில்லை. பச்சைத் துண்டுகள், கல்லூரிப் பிள்ளைகள், கேமராவும் கையுமாக யூடியூப் தம்பிகள், எங்கள் மாதிரி வடக்கத்தி ஆட்கள் கொஞ்சம். நுழைந்ததும் நீள மேசையில் ரகம் ரகமாக நெற்கதிர்க் கட்டுகள். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், குழியடிச்சான், கருங்குறுவை, இலுப்பைப்பூ சம்பா, தூயமல்லி, கருப்பு கவுனி. காட்டுயானத்தை மேசையில் வைக்க முடியாமல் சுவரில் சாய்த்திருந்தார்கள். ஆள் உயரத்தைத் தாண்டி நின்றது. உள்ளே யானை நின்றாலும் தெரியாது என்பதால் அந்தப் பெயர் என்பார்கள்.

அண்ணி அந்த மேசையை விட்டு நகரவே இல்லை. ஒவ்வொரு கதிரையும் தொட்டு, ஒரு நெல்லை நகத்தால் உரித்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார். கடிபட்ட அரிசி 'டக்' என்று உடைந்தால் காய்ச்சல் சரி, நசுங்கினால் ஈரம் இருக்கிறது. குழியடிச்சானில் சில மணிகளின் நுனியில் மெல்லிய மீசை இருந்தது. "இதை எங்க பாட்டி வேற பேர்ல சொல்லுவாங்க" என்றார். என்ன பெயர் என்று சாயந்திரம் வரை நினைவுக்கு வரவில்லை.

மேடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவே சுருக்கமாக நடந்திருக்கலாம். வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை, மறுபடி சிறப்புரை. அதில் உருப்படியாக நான் குறித்துக்கொண்டது இரண்டுதான். ஒன்று, 2021-இல் வந்த தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில் மரபு நெல் ரகங்களைக் காக்கும் இயக்கம் ஒன்று நெல் ஜெயராமன் பெயரில் அறிவிக்கப்பட்டது. இன்னொன்று, 2023-இல் அரசு அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. மற்றபடி, எந்த அரிசி எந்த நோயைத் தீர்க்கும் என்று ஒருவர் பட்டியல் வாசித்தார். அதே பட்டியலை வாசலில் அட்டையாகவும் விற்றார்கள். தவிடு நீக்காத அரிசி நல்லது என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு வியாதியை ஒட்டிவைப்பது மருந்துக்கடை வேலை, நெல்லுக்குத் தேவையில்லாதது.

பாடம் நடந்தது பந்தலுக்கு வெளியே, கை கழுவும் தொட்டிப் பக்கம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி நேராகப் போய் உட்கார்ந்து, தாளை எடுத்து, முதல் கேள்வியைப் போட்டார்.

"மாப்பிள்ளைச் சம்பாவை நவரைல விடலாமாங்க?"

ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். வேதாரண்யம் பக்கத்துக்காரர். "விடலாம்மா, தாராளமா விடு. தையில விட்டா ஐப்பசி வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கும். புல்லு நல்லா வரும், மாடு சந்தோசப்படும்."

பிறகு நிதானமாக விளக்கினார். பழைய நீண்ட நாள் ரகங்களில் பெரும்பாலானவை பகல் பொழுதைப் பார்த்துக் கதிர் தள்ளுகிறவை. பகல் குறுகி இரவு நீளத் தொடங்கினால்தான் பூட்டை வெளியே வரும். அதனால் ஆவணி, புரட்டாசியில் நட்டு, மழையெல்லாம் வாங்கி, தையில் அறுக்க வேண்டும். முன்னாலே விட்டால் வளர்ந்துகொண்டே போய்ச் சாய்ந்துவிடும். பகல் நீளத்தைச் சட்டை பண்ணாத குறுகிய நாள் ரகங்கள் வேறு. நவரைக்கும் சித்திரையில் விடும் சொர்ணவாரிக்கும் அறுபதாங் குறுவை, பூங்கார் மாதிரி ஏதாவது பார்க்கச் சொன்னார். இதை நான் எத்தனையோ காணொளி பார்த்திருக்கிறேன், ஒருவரும் சொன்னதில்லை. வீட்டிலேயே விதையை வாங்கி நவரையில் விட்டிருந்தால் 'நாட்டு நெல் விளையவே இல்லை' என்று ஊரே பேசியிருக்கும்.

மூன்றாவது கேள்வியில்தான் தகராறு. ஏக்கருக்கு எத்தனை?

"மாவுக்கு 7 மூட்டை கண்டுச்சு" என்றார் இன்னொருவர்.

அண்ணி என்னைப் பார்த்தார். எங்கள் பக்கம் சென்ட்டும் காணியும்தான், மா கணக்கு கிடையாது. மூன்று மா ஓர் ஏக்கர் என்றேன். அண்ணி விரல் விட்டு எண்ணி, "அப்ப 21 மூட்டை. பரவால்லையே" என்று சொல்லிவிட்டு, ஏதோ சந்தேகம் வந்து, "மூட்டை எத்தனை கிலோங்க?" என்றார். டெல்டாவில் மூட்டை என்றால் 60 கிலோ. எங்கள் பக்கம் 75. ஏக்கருக்கு 1260 கிலோ, எங்கள் மூட்டையில் 17-க்குக் கொஞ்சம் குறைவு. அண்ணியின் குண்டு நெல் நல்ல வருஷத்தில் 30 மூட்டை வரும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்த வேதாரண்யம் பெரியவரே கேட்டார்: "உரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் எத்தனை மூட்டையை அளக்கிறே?" அண்ணி மனசுக்குள் கணக்குப் போட்டு, "எட்டு, ஒம்போது போயிடும்" என்றார். அப்படிப் பார்த்தாலும் நாலைந்து மூட்டை குறைகிறது. அதை விலையில்தான் எடுக்க வேண்டும். விலைக்கு யார் பொறுப்பு? கொள்முதல் நிலையத்தில் பொது ரகம், சன்ன ரகம் என்று இரண்டே கணக்கு. மாப்பிள்ளைச் சம்பா என்பதற்காக ஒரு ரூபாய் கூடக் கிடைக்காது. தானே அரைத்து, தானே விற்க வேண்டும்.

அரைப்பதும் லேசில்லை என்று பக்கத்தில் அவல் கடை போட்டிருந்த மகளிர் குழு அக்கா சொன்னார். பெரிய மில்லில் நாலைந்து மூட்டையை ஏற்ற மாட்டார்கள். கெஞ்சி ஏற்றினாலும் முன்னால் ஓடிய வெள்ளை அரிசி நம் சிவப்போடு கலந்து வரும். தீட்டும் கல்லில் பளபளவென்று தீட்டித் தந்தால் சிவப்பே போய்விடும், அப்புறம் எதைக் காட்டி விற்பது? அவர்கள் குழுவாகச் சேர்ந்து ரப்பர் உருளை போட்ட சின்ன உமி நீக்கும் இயந்திரம் வாங்கிய பிறகுதான் தொழில் நிலைத்ததாம். மேடையில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம். பொன்னாடை நேரத்தை எடுத்துக்கொண்டிருந்தாலே போதும்.

ஞாயிறு, திருத்துறைப்பூண்டி, ஆதிரெங்கம்

இன்று விதை வாங்கும் நாள். வரிசையில் நின்றால் பெயர், ஊர், கைபேசி எண், நிலத்தின் அளவு, பாசனம் எல்லாம் ஒரு பேரேட்டில் எழுதுகிறார்கள். அண்ணி தன் பழைய சந்தேகத்தைக் கேட்டார். பேரேடு எழுதும் தம்பி தலையைத் தூக்காமல் சொன்னார்: "வராதவங்க வரமாட்டாங்கக்கா. போலீஸா வைக்க முடியும்? வர்றவங்க ஆறு, ஏழுன்னு சேர்த்தே கொண்டுவருவாங்க."

எந்த ரகம் வாங்குவது என்பதில் எனக்கும் அண்ணிக்கும் மனத்தாங்கல். நான் கருப்பு கவுனி என்றேன். அவர், "கறுப்பு அரிசியை நீ ஒரு நாள் பொங்கித் தின்னுட்டு ஃபோட்டோ போடுவே. மீதியை யாரு திங்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தூயமல்லி வாங்கினார். வெள்ளை அரிசி, சன்னமானது, 135 - 140 நாள், சம்பாவுக்கு ஏற்றது. ஊரில் விற்க யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பயிர் வைப்பவர் அவர், நான் விட்டுக்கொடுத்தேன்.

2 கிலோ எந்த மூலைக்குக் காணும் என்ற கேள்விக்கும் வரிசையிலேயே விடை கிடைத்தது. வழக்கமான நடவுக்கு ஏக்கருக்கு 25, 30 கிலோ விதை விடுகிறோம், குத்துக்கு நாலைந்து நாற்று வைக்கிறோம். ஒற்றை நாற்று நடவுக்கு ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ போதும். 14 நாள் வயதுள்ள இளநாற்றை, 25 சென்டிமீட்டர் இடைவெளியில், குத்துக்கு ஒன்றாக நட வேண்டும். தண்ணீரைக் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட வேண்டும். கோனோவீடர் என்ற களையெடுக்கும் உருளைக் கருவியை ஓட்ட வேண்டும். மடகாஸ்கர் தீவில் 1980-களில் ஒரு பாதிரியார் உருவாக்கிய முறை, இங்கே வந்து திருந்திய நெல் சாகுபடி ஆயிற்று. விதைப் பெருக்கத்துக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. குத்துக்கு ஒரே செடி என்பதால் கலவன், அதாவது வேற்று ரகச் செடி, நின்றால் பளிச்சென்று தெரியும், பிடுங்கிவிடலாம்.

சாயந்திரம் ஆதிரெங்கம் பண்ணைக்குப் போனோம். விதை தேர்வு செய்முறை காட்டினார்கள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு நல்ல முட்டை, கல்லுப்பு. வெறும் தண்ணீரில் முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. உப்பைக் கரைக்கக் கரைக்க எழுந்து நின்றது, பிறகு மேலே வந்தது. முட்டையின் ஓடு பழைய நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரிந்ததும் உப்பு போதும் என்று நிறுத்தி, முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டினார்கள். பாதி வயிறு நிரம்பியது, பூச்சி குடைந்தது, பதர் எல்லாம் மேலே மிதந்தன. அவற்றை அரித்து எடுத்துவிட்டு, மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசினார்கள். அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும். வெறும் தண்ணீரில் மிதப்பதை மட்டும் எடுத்தால் போதும் என்றுதான் அண்ணி இத்தனை நாள் செய்துவந்தார். மிதந்ததை அள்ளிப் பார்த்து, "இத்தனையா?" என்றார். அந்தப் பிடியை ஒரு தாளில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார், அண்ணனிடம் காட்டவாம்.

திங்கள், மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போகலாம் என்று ஆசை காட்டினேன். "காடு எங்க போவுது, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று அண்ணி மறுத்துவிட்டார். விடிகாலையிலேயே மன்னார்குடிப் பேருந்து.

இங்கே மோட்டார் தண்ணீரில் முன்பட்டக் குறுவை நட்டிருந்தார்கள், தூர் கட்டும் பருவம். வாரம் ஒரு நாள் இருபத்தைந்து பேர் கூடும் வயல்வெளிப் பள்ளி. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் அனுமதி கேட்டு வந்து உட்கார்ந்தோம். இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான் என்று வானகம் போகும் முன்பே எழுதிவைக்கிறேன்.

மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, ஒரு தார்ப்பாய். காலை ஏழு மணிக்கு ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்குகிறார்கள். குழுவுக்குப் பத்துக் குத்து. ஒவ்வொரு குத்திலும் எத்தனை தூர், எத்தனை சிலந்தி, எத்தனை குருத்துக் காய்வு, இலைச் சுருட்டுப் புழு உண்டா, தட்டான் பறக்கிறதா, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று எண்ண வேண்டும். எங்கள் குழுவில் இருந்த பெண் காய்ந்த நடுக்குருத்து ஒன்றை இரண்டு விரலால் மெல்ல இழுத்துக் காட்டினார். எந்தப் பிடிமானமும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் கடித்துத் தின்ற தடம், கொஞ்சம் ஈரமான தூள். தண்டு துளைப்பான். அதே குத்தில் அடித்தூரைப் பிளந்தபோது மஞ்சள் கலந்த வெள்ளையில் புழு நெளிந்தது.

"மருந்து அடிக்கணும்ல?" என்றார் அண்ணி, அனிச்சையாக.

"எண்ணிட்டுச் சொல்லுங்கம்மா" என்றார் அந்தப் பெண்.

கரையேறி ஒரு பெரிய தாளில் நடுவே நெற்குத்து வரைந்தார்கள். இடப்பக்கம் தீமை செய்யும் பூச்சிகள், வலப்பக்கம் நன்மை செய்யும் பூச்சிகள், மேலே வெயிலா மேகமா, கீழே தண்ணீர். அவரவர் எண்ணிக்கையை அவரவர் எழுத வேண்டும். எழுத வராதவர்கள் வரைந்தார்கள். குருத்துக் காய்வு நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது கணக்கு. ஐந்து குழுவிலும் நாலு, ஐந்துக்கு மேல் போகவில்லை. சிலந்தி மட்டும் குத்துக்கு ஒன்றாவது இருந்தது. முடிவு: இந்த வாரம் ஒன்றும் அடிக்க வேண்டாம், அடுத்த வாரம் பார்ப்போம், பூச்சியின் முட்டையை அழிக்கும் சின்னக் குளவிகளுக்கான முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டலாம். முடிவை அதிகாரி சொல்லவில்லை, பேசிப் பேசி அவர்களே எடுத்தார்கள். அதிகாரி என்று வந்திருந்தவர் கேள்வி மட்டும்தான் கேட்டார்.

இந்த முறை பிறந்த இடம் இந்தோனேசியா. அங்கே நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி வெடித்துப் பரவியபோது, அடித்த மருந்துதான் சிலந்திகளைக் கொன்று புகையானை வளர்த்துவிட்டது என்று தெரியவந்தது. 1986-இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை அந்த நாடு தடை செய்தது. 1989-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு முதல் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. உழவரை உட்கார வைத்துப் பாடம் எடுக்காமல் எண்ண வைத்தார்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

அண்ணி கிளம்பும்போது அந்தத் தாளை மறுபடி ஒரு தடவை பார்த்தார். "போன சம்பாவுல ரெண்டு தடவை அடிச்சேன். எண்ணவே இல்ல" என்று சொன்னதோடு சரி.

இப்படி ஒரு பள்ளி உங்கள் ஊரில் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். திருவாரூர் மாவட்டத்துக்கு நீடாமங்கலத்தில் இருக்கிறது. இந்தியாவின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியதுதான், எங்கள் வந்தவாசிக்குக் கூப்பிடு தூரம். பயிற்சிப் பட்டியலைக் கேட்டால் தருவார்கள். நாமாகப் போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

செவ்வாய், வண்டியில்

தஞ்சாவூர், திருச்சி, மணப்பாறை. பச்சை மெல்ல மெல்லக் கழன்று செம்மண்ணும் பனையும் வந்தன. அண்ணிக்கு இதுதான் பழகிய வெயில். விதை மூட்டையை மடியை விட்டு இறக்கவில்லை. அதிலிருந்து நூறு நெல் எண்ணி எடுத்து, ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். ஞாயிறு ராத்திரி சுருட்டியது. வேளாவேளைக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை.

புதன், கடவூர், வானகம்

கடவூரைச் சுற்றி நாலாபக்கமும் மலை. இந்த மலைக்காடுகளைத்தான் 2022-இல் தேவாங்குகளுக்கான சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்கு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. அது ராத்திரியில் நடமாடும் பிராணி, நாங்கள் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டோம்.

நம்மாழ்வார் ஐயாவைப் பற்றி இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேளாண்மை படித்து, 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். மானாவாரி உழவனுக்குக் கட்டுப்படியாகாத ஆராய்ச்சி எதற்கு என்று வேலையை விட்டவர். 2009-இல் இங்கே வறண்ட நிலத்தில் வானகத்தைத் தொடங்கினார். 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை அருகே மீத்தேன் எதிர்ப்புப் போராட்டத்துக்காகப் போயிருந்த இடத்தில் காலமானார். அடக்கம் செய்தது இங்கேதான். பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாம் முதலில் அங்கே போய் நின்றுவிட்டுத்தான் வகுப்புக்கு வந்தார்கள்.

டெல்டாவில் பேச்சு முழுக்க விதையைச் சுற்றி இருந்தது. இங்கே மழை. விழும் கொஞ்ச மழையை ஓடவிடாமல் எப்படி நிறுத்துவது? முதல் வகுப்பே சமமட்டக் கோடு போடுவது. அதற்கு மூன்று குச்சி, ஒரு கயிறு, ஒரு கல் போதும். இரண்டு நீளக் குச்சிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, குறுக்கே ஒன்றைக் கட்டினால் 'ஏ' வடிவச் சட்டம். உச்சியிலிருந்து கல்லைக் கயிற்றில் தொங்கவிடுகிறார்கள். சட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தி, கயிறு குறுக்குக் குச்சியில் படும் இடத்தைக் குறிக்க வேண்டும். கால்களை இடம் மாற்றி அதே தடத்தில் வைத்து மறுபடி குறிக்க வேண்டும். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். அப்புறம் ஒரு காலை ஊன்றி மறுகாலைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே போனால், கயிறு நடுப்புள்ளியில் நிற்கும் இடமெல்லாம் ஒரே உயரம். அங்கங்கே முளைக்குச்சி அடித்து, அந்தக் கோட்டிலேயே வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட்டால், சரிவில் ஓடி வரும் தண்ணீர் நின்று இறங்கும்.

கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் சட்டத்தைக் கட்டவே முக்கால் மணி நேரம் எடுத்தார்கள். கட்டு நழுவிக்கொண்டே இருந்தது. அண்ணி எழுந்துபோய் கயிற்றை வாங்கி, ஒரு சுற்று, ஒரு குறுக்குச் சுற்று, ஒரு இழுப்பு. "வைக்கோல் கட்டு கட்டினதில்லையா யாரும்?" என்றார். பிற்பகல் முழுக்க அவர்தான் சட்டத்தை நடத்திக்கொண்டு போனார். வரப்பு வளைந்து வளைந்து போவதைப் பார்த்து ஒரு தம்பி, "நேரா போட்டா அழகா இருக்குமே" என்றார். தண்ணீருக்கு அழகு தெரியாது என்று பயிற்சி கொடுப்பவர் சொன்னார்.

மூடாக்கு பற்றியும் ஒரு செய்முறை. வெறும் மண்ணில் ஒரு கை, பக்கத்தில் சருகு மூடிய மண்ணில் ஒரு கை. மதியம் இரண்டு மணி வெயிலில் வெறும் மண்ணில் கை வைக்க முடியவில்லை. சருகை விலக்கினால் குளுமை, இரண்டு மண்புழு. இதற்குமேல் விளக்கவுரை தேவைப்படவில்லை.

வியாழன், வானகம்

காலையில், சாணம், கோமியம் கொண்டு செய்யும் கரைசல்கள் பற்றிய வகுப்பு. எல்லாருடைய கைபேசியும் வெளியே வந்தது இந்த வகுப்பில்தான். ஜீவாமிர்தத்துக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், கோமியம் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, வரப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் வைத்துக் கடிகாரச் சுற்றில் கலக்கி, இரண்டு நாளில் ஓர் ஏக்கருக்குப் பாசனத்தோடு விடலாம். சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறை. பஞ்சகவ்யம் கொடுமுடி மருத்துவர் நடராஜன் வேளாண்மைக்குப் பக்குவப்படுத்தியது. அதைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளிக்க வேண்டும்.

இதில் என் கருத்து ஒன்று உண்டு. கரைசல் என்பது பார்க்க ஒரு செய்முறை மாதிரி இருப்பதால் சீக்கிரம் பரவுகிறது. வரப்பும் மூடாக்கும் மெனக்கெட வேண்டிய வேலை, காணொளியில் எடுபடாது. ஆனால் மண்ணில் மக்கு இல்லாமல் நுண்ணுயிரை மட்டும் ஊற்றினால் அவை எதைத் தின்னும்? இதைக் கேட்டேன். "அதான் முதல் நாள் மூடாக்கு, ரெண்டாம் நாள் கரைசல்னு வச்சிருக்கோம்" என்று பதில் வந்தது. நியாயமான பதில்.

அண்ணியின் கேள்வி வேறு: "மாடு இல்லாத வீட்டுக்கு?" எங்கள் வீட்டில் மாட்டை விற்று நாளாகிறது. ஒரு மாடு இருந்தால் போதும் என்பது சுலபம், அந்த ஒரு மாட்டை யார் மேய்ப்பது என்று அவருக்குத்தான் தெரியும். வந்திருந்தவர்களில் இன்னொரு அம்மா, மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்கு வைக்கோல் கொடுத்து, சாணமும் கோமியமும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இவர்கள் இருவரும் அப்புறம் தனியே உட்கார்ந்து பேசினார்கள். நடவுக்கு முன்னால் பசுந்தாள் உரமாக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில், 45 நாள் வாக்கில், மடக்கி உழுதுவிட்டால் முதல் வருஷத்துக்கு அதுவே போதும் என்று பேசி முடித்திருந்தார்கள்.

மத்தியானம் டப்பாவைத் திறந்தோம். நூறில் 91 முளைத்திருந்தன. அரசு சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 80 சதவீதம், ஆக இது நல்ல விதை. முளைக்காத ஒன்பதையும் அண்ணி நகத்தால் நசுக்கிப் பார்த்தார். ஐந்து பதர், நாலு அழுகியவை.

அண்ணனுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"தக்கைப்பூண்டு விதை 10 கிலோ பார்த்து வைங்க. ஆடி கடைசியில நாத்து விடறேன், தூயமல்லி."

"எங்க?"

"மதகுப் பக்கத்து அரை ஏக்கர்ல."

"நல்ல துண்டையா? மேட்டுப் பக்கம் போட்டுப் பாரேன்."

"மேட்டுப் பக்கம் தண்ணி ஏறாது. தண்ணி இல்லாம காஞ்சா நாட்டு நெல்லுதான் சரியில்லைன்னு சொல்லுவீங்க."

அண்ணன் கொஞ்ச நேரம் கழித்து, "மருந்துக்கு எவ்ளோ வேணும்?" என்றார்.

"எண்ணிட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.